பெரும் வாழ்க்கை மாற்றத்துக்குப் பின் வளரிளம் பருவத்தினருக்கு ஏற்படும் மனத்துயர்: உளவியல் காரணங்களும் குடும்பத்தினர் அறிய வேண்டியவையும்

10 வயது முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உடல், மூளை, உறவுகள், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகிய அனைத்தும் ஒருசேர மாறும் காலம் இது. இந்த வயதில் தாய் அல்லது தந்தையை இழத்தல், பெற்றோர் பிரிதல், குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்தல், வீட்டை விட்டு விடுதியில் சேர்தல் போன்ற பெரும் மாற்றங்கள் நேரும்போது பிள்ளைகள் பலர் துயருறுகின்றனர். அத்துயர் பெரும்பாலும் கண்ணீராக வெளிப்படுவதில்லை. கோபம், வயிற்றுவலி, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், பேச்சுக் குறைதல் என வேறு வடிவங்களில் வருகிறது. ஆகவே, அது துயர் என்று அறியப்படாமலே போகிறது.

பெற்றோரில் ஒருவரின் மறைவையும், அதைத் தொடர்ந்து வரும் இடமாற்றத்தையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்கிறது, எதுவரை அது இயல்பானது, எப்போது மருத்துவ உதவி தேவை என்பவற்றை இதில் அறியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவனின் தந்தை மாரடைப்பால் இறந்துவிடுகிறார் எனக் கொள்வோம். மூன்று மாதங்களுக்குள் தாய் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தம் அண்ணன் வசிக்கும் ஊருக்குப் பிள்ளைகளுடன் செல்கிறார். கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் பெற்று, சிறுவன் புதிய பள்ளியில் சேர்கிறான். இறுதிச் சடங்கின்போது அவன் அழவில்லை. "பொறுப்பான பிள்ளை" என்று உறவினர்கள் பாராட்டினர். இப்போது காலைதோறும் வயிறு வலிக்கிறது என்கிறான். தங்கையிடம் எரிந்து விழுகிறான். நள்ளிரவு கடந்தும் கைப்பேசியுடன் விழித்திருக்கிறான். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் குறை ஏதும் தெரியவில்லை. "நடிக்கிறான்" என்று ஒருவரும், "மாமா வீட்டுச் செல்லம்" என்று மற்றொருவரும் கூறுகின்றனர்.

அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுக்கு இத்தகைய பிள்ளைகள் வயிற்றுவலிக்காகவோ தலைவலிக்காகவோதான் அழைத்து வரப்படுகின்றனர். அவ்வலி பொய்யன்று. மனம் இறுக்கமடையும்போது குடலின் இயக்கமும், தசைகளின் இறுக்கமும், இதயத்துடிப்பும் மாறுகின்றன. பிள்ளை உணரும் வலி உண்மையானது. அதன் தொடக்கம் மட்டுமே வேறிடத்தில் உள்ளது.

துயருக்கான உளவியல் விளக்கங்கள்

இத்தகைய துயருக்கு ஒரே காரணம் கிடையாது. உளவியலாளர்கள் வெவ்வேறு கோணங்களில் இதை விளக்கியுள்ளனர். ஒரே பிள்ளைக்கு இவற்றுள் பலவும் ஒருங்கே பொருந்தலாம்.

1. ஒரு மாற்றத்தில் பல இழப்புகள்

பிள்ளைக்குத் தன்னைக் காப்பவருடன் ஏற்படும் பிணைப்பே அதன் பாதுகாப்பு உணர்வுக்கு அடிப்படை என்று பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பி விளக்கினார். அப்பிணைப்பு அறுபடும்போது தேடுதல், சினம், நம்பிக்கையிழத்தல் ஆகியன எழுகின்றன. ஆகவே துயரின் ஒரு பகுதியாகவே சினத்தைக் காண வேண்டும்.

மேலும், தந்தையின் மறைவோடு இழப்பு நின்றுவிடுவதில்லை. பழகிய வீடு, தெரு, உடன் சைக்கிளில் வந்த நண்பர்கள், பெயர் தெரிந்த ஆசிரியர்கள், தனக்கென இருந்த இடம் ஆகிய அனைத்தும் அடுத்தடுத்துப் போய்விடுகின்றன. பெரியவர்கள் முதல் இழப்பை மட்டுமே இழப்பாகக் கருதுகின்றனர். பழைய பள்ளியின் கபடி அணியை விட்டு வந்ததற்காகப் பிள்ளை வருந்தினால், "அப்பாவே போய்விட்டார், இதற்கா வருத்தம்?" என்று கேட்கின்றனர். அந்த அணிதான் தந்தையின் மறைவுக்குப் பின் அவனைத் தாங்கிய ஒரே துணையாக இருந்திருக்கக்கூடும்.

2. அழுகையும் விளையாட்டும் மாறிமாறி வருதல்

"நேற்று அழுதான், இன்று சிரித்து விளையாடுகிறான், இவனுக்கு உண்மையில் வருத்தம் உண்டா?" என்று குடும்பத்தினர் ஐயுறுவதுண்டு. துக்கத்தில் இருப்பவரின் மனம் இழப்பை நோக்கியும், அன்றாட வாழ்வை நோக்கியும் ஊசல்போல் அசைகிறது என மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட விளக்கம் கூறுகிறது. இழப்பை எந்நேரமும் எதிர்கொண்டிருக்க எவராலும் இயலாது. இடையே விலகி இளைப்பாறுவது துக்கத்தைத் தாங்கும் வழிகளுள் ஒன்று. வளரிளம் பருவத்தினரிடம் இந்த அசைவு விரைவாக நிகழ்வதால், பார்ப்பவருக்கு அது அக்கறையின்மையாகத் தோன்றுகிறது. சில பிள்ளைகளிடம் துயரின் வெளிப்பாடு ஓராண்டு அல்லது ஈராண்டு கழித்தே கூடுதலாகத் தெரிவதும் உண்டு.

3. "நான் யார்?" என்ற கேள்வி

தன் அடையாளத்தை உருவாக்கிக்கொள்வதே வளரிளம் பருவத்தின் முதன்மைப் பணி என்று எரிக் எரிக்சன் கூறினார். ஒரு பிள்ளை தன்னை இன்னார் மகன், இந்த ஊர்க்காரன், இந்தப் பள்ளியின் முதல் மதிப்பெண் பெறுபவன், இந்த நண்பர்களில் ஒருவன் என்று அறிந்து வைத்திருக்கிறது. புதிய ஊரில் அவன் "அப்பா இல்லாத பையன்", "புதிதாக வந்தவன்" என்றே அறியப்படுகிறான். தமிழ் வழியில் படித்தவன் ஆங்கில வழி வகுப்பில் சேர்ந்தால், நன்கு படித்தவன் என்ற பெயரும் போய்விடுகிறது.

இந்நிலையில், "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை, அம்மாவையும் தங்கையையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று உறவினர்கள் கூறுவது வழக்கம். ஆறுதலாகச் சொல்லப்படும் இச்சொல் 14 வயதுப் பிள்ளையின் தோளில் பெருஞ்சுமையாக அமைகிறது. தான் அழுதால் தாய் உடைந்துவிடுவார் என்று அஞ்சி, அவன் துயரை அடக்கிக்கொள்கிறான். பெண்பிள்ளைகளிடம் இதே சுமை சமையல், தம்பி தங்கையரைக் கவனித்தல் என வீட்டுவேலை வடிவில் ஏற்றப்படுகிறது.

4. முடிவுகளில் பங்கின்மை

வீட்டைக் காலி செய்தல், ஊர் மாறுதல், பள்ளி மாறுதல் ஆகிய முடிவுகளைப் பெரியவர்களே எடுக்கின்றனர். பிள்ளைக்கு முடிவு மட்டுமே தெரிவிக்கப்படுகிறது. சில வேளைகளில் அதுவும் முதல்நாள் இரவில்தான் தெரிவிக்கப்படுகிறது. தன் செயலால் எதையும் மாற்ற இயலாது என்று மீண்டும் மீண்டும் உணரும் மனம் காலப்போக்கில் முயற்சியையே கைவிடுகிறது. உளவியலில் இது "கற்றுக்கொண்ட இயலாமை" எனப்படும். பாடத்தில் ஆர்வமின்மை, "எப்படியோ போகட்டும்" என்ற பேச்சு ஆகியன இதன் வெளிப்பாடுகளாக இருக்கலாம்.

5. நிகழ்வுக்குப் பிள்ளை கொடுக்கும் பொருள்

ஒரே வீட்டில் ஒரே இழப்பைச் சந்தித்த இரு பிள்ளைகளில் ஒருவர் விரைவில் தேறுகிறார், மற்றவர் தேறுவதில்லை. ரிச்சர்ட் லசாரஸ், சூசன் ஃபோக்மன் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். ஒரு நிகழ்வு நேரும்போது மனம் இரு கேள்விகளை எழுப்புகிறது: "இதனால் எனக்கு என்ன ஆபத்து?", "இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?" முதல் கேள்விக்கான விடை பெரிதாகவும், இரண்டாவதற்கான விடை சிறிதாகவும் இருக்கும்போது மன அழுத்தம் மிகுகிறது.

இதில் குற்றவுணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. "அன்று காலை அப்பாவிடம் சண்டையிட்டேன்", "நெஞ்சு வலிக்கிறது என்றாரே, நான் விளையாடப் போய்விட்டேன்" போன்ற எண்ணங்களைப் பிள்ளை எவரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சுமந்திருக்கக்கூடும். இறப்பின் காரணம் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லப்படாதபோது, அந்த வெற்றிடத்தைக் குற்றவுணர்வே நிரப்புகிறது.

6. ஒரே நேரத்தில் பல சுமைகள்

வளரிளம் பருவத்தினர் தம் முன் உள்ள சிக்கல்களை ஒவ்வொன்றாக எதிர்கொள்வதாலேயே பெரும்பாலோர் இப்பருவத்தை நலமாகக் கடக்கின்றனர் என்றும், பல சிக்கல்கள் ஒரே காலத்தில் சேரும்போதே இடர்ப்பாடு மிகுகிறது என்றும் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் கோல்மன் கருதினார். பூப்பெய்தல், தந்தையின் மறைவு, ஊர் மாற்றம், பொதுத்தேர்வு, குடும்ப வருமானக் குறைவு ஆகியன ஓராண்டுக்குள் வந்தால், வலிமையான பிள்ளையும் தளரும். ஒத்திப்போடக்கூடிய மாற்றங்களைச் சில மாதங்களேனும் ஒத்திப்போடுவது நன்மை பயக்கும் என்பதற்கு இதுவே காரணம்.

7. மூளையும் உறக்கமும்

உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் முழு வீச்சில் இயங்குகின்றன. அவற்றை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதியோ 20 வயதைக் கடந்த பின்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே சிறு சொல்லுக்கும் பெருஞ்சினம் எழுவது வியப்பன்று. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பும் இப்பருவத்தில் இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. துயரால் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெடுவதால் துயரைத் தாங்கும் ஆற்றல் குறைகிறது. இச்சுழற்சியை முறிப்பது சிகிச்சையின் முதற்படிகளுள் ஒன்று.

எது இயல்பு? எது நோய்?

பெரும் மாற்றத்துக்குப் பின் வருந்துவது நோயன்று. பெரும்பாலான பிள்ளைகள் குடும்பத்தின் ஆதரவோடு சில மாதங்களில் மெல்லத் தேறுகின்றனர். கீழ்க்காணும் நிலைகளில் மருத்துவ மதிப்பீடு தேவைப்படும்.

• தகவமைவுக் கோளாறு: மாற்றம் நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள் பொதுவாகத் தொடங்கும். நிகழ்வைப் பற்றிய இடைவிடாத கவலை, புதிய சூழலுடன் பொருந்த இயலாமை, படிப்பு மற்றும் உறவுகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஆகியன காணப்படும். நெருக்கடி நீங்கிய பின் பெரும்பாலும் 6 மாதங்களுக்குள் குறைந்துவிடும்.

• மனச்சோர்வு நோய்: சோகம், எரிச்சல் அல்லது எதிலும் நாட்டமின்மை ஏறத்தாழ நாள் முழுவதும் 2 வாரங்களுக்கு மேல் நீடிக்கும். உறக்கம், பசி, கவனம் ஆகியவற்றில் மாற்றம், தான் பயனற்றவர் என்ற எண்ணம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியன உடனிருக்கும். வளரிளம் பருவத்தினரிடம் சோகத்தைவிட எரிச்சலே முந்தித் தெரியலாம்.

• நீடித்த துக்கக் கோளாறு: மறைந்தவரைப் பற்றிய ஏக்கம் 6 மாதங்களுக்கு மேலும் சிறிதும் தணியாமல், அன்றாட வாழ்வை முடக்கும் அளவில் தொடரும்.

• பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி: விபத்து போன்ற கொடிய நிகழ்வை நேரில் கண்ட பிள்ளைகளுக்கு அக்காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுதல், கொடுங்கனவு, திடுக்கிடல், அந்நிகழ்வை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் ஆகியன ஏற்படும்.

சோர்வுக்கு இரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்ற உடல்சார் காரணங்களும் இருக்கலாம். எனவே மருத்துவர் முதலில் உடற்பரிசோதனை செய்வார். அதில் குறை ஏதும் இல்லை என்ற செய்தியை, "உனக்கு ஒன்றுமில்லை" என்று பிள்ளையிடம் சொல்லிவிடக் கூடாது. "உடலில் ஆபத்தான நோய் இல்லை, உன் வலிக்கு வேறு காரணம் இருக்கிறது, அதையும் பார்ப்போம்" என்று கூறுவதே பொருத்தமானது.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

• "நான் இல்லாமல் இருந்தால் நல்லது", "அப்பா இருக்கும் இடத்துக்கே போகிறேன்" போன்ற பேச்சு அல்லது எழுத்து
• தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல்
• விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவதுபோல் பேசுதல்
• உணவை அறவே மறுத்தல், பல நாள்கள் அறையை விட்டு வெளிவராமை
• மது, புகையிலை அல்லது வேறு போதைப்பொருள் பயன்பாடு
• இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுதல்

தற்கொலை எண்ணம் உண்டா என்று பிள்ளையிடம் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது உண்மையன்று. "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று அமைதியாக, நேரடியாகக் கேளுங்கள். கேட்பது பிள்ளைக்குப் பேசும் வழியைத் திறக்கும். ஆம் என்றால், பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வீட்டில் பூச்சிக்கொல்லி மருந்துகள், மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள் அல்லது அப்புறப்படுத்துங்கள். இந்த ஒரு செயல் உயிர் காக்கும்.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வரும் என்று அஞ்சிச் சிலர் காலந்தாழ்த்துகின்றனர். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை எனவும் அச்சட்டம் வலியுறுத்துகிறது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• உண்மையைச் சொல்லுங்கள். இறப்பின் காரணம், குடும்பத்தின் பொருள்நிலை, அடுத்து நிகழவிருப்பவை ஆகியவற்றை வயதுக்கேற்ற சொற்களில் விளக்குங்கள். "அப்பா இறந்ததற்கு நீ எவ்வகையிலும் காரணமல்ல" என்பதை, பிள்ளை கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

• சிறு முடிவுகளைப் பிள்ளையிடம் விடுங்கள். எந்த மூலையில் படிப்பது, பழைய வீட்டிலிருந்து எதைக் கொண்டுவருவது, தந்தையின் சட்டையையோ கைக்கடிகாரத்தையோ யார் வைத்துக்கொள்வது என்பன சிறியவையாகத் தோன்றினும், இழந்த கட்டுப்பாட்டு உணர்வை மீட்டுத் தருபவை.

• மறைந்தவரின் பெயரை வீட்டில் ஒலிக்க விடுங்கள். பிள்ளை வருந்தும் என்று எண்ணிப் படத்தை மறைப்பதும், பேச்சை மாற்றுவதும் அவர்களைத் தனிமையில் தள்ளும். மாதத் திதி, ஆண்டுத் திதி போன்ற சடங்குகளில் விருப்பமிருந்தால் பங்கேற்கச் செய்யுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

• பழைய நட்பைத் தொடர உதவுங்கள். வாரம் ஒருமுறை பழைய நண்பருடன் கைப்பேசியில் பேசுவதும், விடுமுறையில் பழைய ஊருக்குச் சென்று வருவதும் பயனுள்ளவை.

• உணவு, உறக்கம், விளையாட்டு ஆகியவற்றின் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். படுக்கைக்குச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் அனைவரும் கைப்பேசியை ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். பிள்ளைக்கு மட்டும் தடை விதித்தால் அது தண்டனையாகவே தோன்றும்.

• பள்ளிக்குத் தெரிவியுங்கள். வகுப்பாசிரியருக்கு நிலை தெரிந்தால், அனைவர் முன்னிலையிலும் "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்கப்படும் வேதனையைத் தவிர்க்கலாம். நீண்டநாள் பள்ளியைத் தவிர்த்த பிள்ளையை முதலில் அரைநாள், பின்னர் முழுநாள் எனப் படிப்படியாகத் திரும்பச் செய்யலாம்.

• உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். உயிருடன் இருக்கும் தாய் அல்லது தந்தையின் மனநிலை, பிள்ளை தேறுவதில் பெரும் பங்கு வகிக்கிறது. தாய் உறங்காமலும் உண்ணாமலும் இருந்தால், அவருக்கும் சிகிச்சை தேவை. பிள்ளையின் முன் அழுவது தவறன்று. "அம்மாவுக்கும் அப்பா நினைவு வந்துவிட்டது" என்று சொல்லி அழும் தாயிடம், துயரை ஒளிக்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

தவிர்க்க வேண்டியவை: "இன்னுமா அழுகிறாய்?" என்பது, பிற பிள்ளைகளுடன் ஒப்பிடுவது, அடித்துப் பள்ளிக்கு அனுப்புவது, "உன்னால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்" என்று கூறுவது. கோவிலிலோ, தேவாலயத்திலோ, தர்காவிலோ ஆறுதல் தேடுவதில் தடையில்லை. அதற்காக மருத்துவ உதவியைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிகிச்சை எவ்வாறு இருக்கும்?

மருத்துவர் அல்லது ஆற்றுப்படுத்துநர் முதலில் பிள்ளையிடமும் குடும்பத்தினரிடமும் தனித்தனியே பேசுவார். தகவமைவுக் கோளாறுக்குப் பெரும்பாலும் ஆற்றுப்படுத்துதலும் குடும்பத்துக்கான வழிகாட்டுதலும் போதுமானவை. "எல்லாம் என்னால்தான்" போன்ற எண்ணங்களை ஆராய்ந்து மாற்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை உதவுகிறது. மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு நோயில் மட்டும் மனநல மருத்துவரின் பரிந்துரையின்படி மருந்துகள் சேர்க்கப்படலாம். அவற்றைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்; மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. உறக்க மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது.

மனநலச் சிகிச்சை பெற்றவர் என்ற விவரத்தைச் சட்டம் காக்கிறது. சிகிச்சை தொடர்பான தகவல்களை மறைவாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழங்குகிறது.

வளரிளம் பருவத்தினரே, உங்களுக்கு

இதைப் படிப்பவர் நீங்களே அந்தப் பிள்ளையாக இருக்கலாம். உங்களுக்கு வரும் கோபமும், எதுவும் உணராத வெறுமையும், சிரித்த பின் எழும் குற்றவுணர்வும் உங்கள் குணக்கேட்டைக் காட்டுபவையல்ல. ஒருவர் இறந்த பின் சிரிப்பது அவரை மறப்பதாகாது. வீட்டைத் தாங்கும் முழுப் பொறுப்பும் உங்களுடையதன்று. அம்மாவிடம் சொல்ல இயலாததை ஆசிரியரிடமோ, சித்தியிடமோ, மருத்துவரிடமோ சொல்லலாம். பேச வரவில்லையெனில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

உதவி பெறும் இடங்கள்

• அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை
• மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மனநலப் பிரிவு
• 14416: கட்டணமில்லா தொலைபேசி மனநலச் சேவை, 24 மணி நேரமும்
• 104: மருத்துவ உதவி எண்
• 1098: 18 வயதுக்குட்பட்டோருக்கான குழந்தைகள் உதவி எண்
• உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 அவசர ஊர்தி

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகிறது. உங்கள் பிள்ளைக்குரிய சிகிச்சையை நேரில் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.